கோழித்தலை யார் பக்கம்

தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது கோழியின் தலை நேராக ஷியூலுவானைப் பார்த்தது.

பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தங்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

ஆண்டு முடிவு விருந்தில் முதலாளி கோழித்தலையை யார் பக்கம் வைக்கிறாரோ, அவருக்கு வேலை போயிற்று. காங்ஷான் ஊரில் இருக்கிற அத்தனை ஸ்க்ரூ பட்டறைக்கும் இது தெரியும். இப்போதெல்லாம் வம்பே வேண்டாமென்று தலையை வெட்டிவிட்டுத்தான் பரிமாறுகிறார்கள். முதலாளி காவ் இந்த வருஷம் தலையோடு வேண்டுமென்று கேட்டு வாங்கியிருக்கிறார். சும்மாவா கேட்பார்?

எல்லாம் பட்டறையில் கொடுத்த அந்தப் பாழாய்ப்போன படிவத்தால் வந்தது. இங்கே வேலை செய்வதில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, பத்துக்கு எத்தனை? பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். அவளும் மூன்று போட்டுத் தொலைத்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பலகையில் எண்ணிக்கை எழுதுகிறவளின் மூன்றை அந்த மனிதருக்கு அடையாளம் தெரியாதா?

போதாததற்கு, எதிரே முதலாளியை ஒட்டி ஒரு புது ஆள். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை இல்லை. உறவுக்காரனாம். மத்தியானம் முழுக்க அவளுடைய மெஷினையே சுற்றிச் சுற்றி வந்து ஏதோ குறித்துக்கொண்டான்.

"அக்கா, பார்க்காத மாதிரி சாப்பிடு" என்று பக்கத்திலிருந்த பாவ்சு முணுமுணுத்தாள்.

முதலாளி எழுந்தார்.

அவர் மேசை நடுவில் தட்டுகளைத் தாங்கியிருந்த சுழலும் கண்ணாடி வட்டத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினார். தலை ஒவ்வொருவராகத் தாண்டிப் போய் அவர் முன்னாலேயே நின்றது.

"இந்த வருஷம் நான்தான்யா போறேன்!"

மேசை மேசையாகக் கைதட்டினார்கள். நல்ல முதலாளிகள் இப்படி வேடிக்கை செய்வதுண்டு. யாரையும் அனுப்பவில்லை என்று அர்த்தம். பாவ்சு நிம்மதியில் அழுதேவிட்டாள்.

ஷியூலுவான் சிரிக்கவில்லை.

அந்தப் புது ஆள் கைதட்டவில்லை. குனிந்து மேசைவிரிப்பை நீவிக்கொண்டிருந்தான். முதலாளி எல்லோரையும் பார்த்தார், அவனைத் தவிர.

உறவுக்காரன் இல்லை, வாங்க வந்தவன். பட்டறை கைமாறிவிட்டது. மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தலை தனக்கில்லை, அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவளிடம் வாய் திறந்து சொல்ல முடியாமல், ஒரு கோழியிடமா சொல்லி அனுப்புவார்? இந்த ஆள் இல்லாத பட்டறையில் யாரைத் திட்டிக்கொண்டு வேலை செய்வது?

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஷியூலுவான் கையை நீட்டி, கண்ணாடியைத் திருப்பி, தலையைத் தன் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள்.