அக்காவின் அட்டை

தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குமாஸ்தா திரையை மேலும் கீழும் உருட்டுகிறார். இந்தப் பக்கம், நிறைமாத வயிறு மேசை விளிம்பில் இடிக்காமல் ஒருக்களித்து நிற்கிறாள் தையல்காரி. மின்விசிறி கடகடக்கிறது. பின்னால் வரிசையில் நிற்பவளின் கைப்பையை அவள் புருஷன் தோளில் மாட்டியிருக்கிறான். "பேறுகாலப் பணம் வேணும்னா சந்தா ஏறின நாள் பத்தாதும்மா. மழைக்காலம் முழுக்க உன் பேர்ல ஒண்ணுமே இல்ல. நீ சொன்னேன்னு ஏத்திக்க இந்தக் கம்ப்யூட்டர் என்ன என் மச்சானா? அப்போ வேலைக்குப் போகலியா?" என்கிறார் குமாஸ்தா. போனாள். அக்கா அறுவை சிகிச்சை முடிந்து படுத்துக் கிடந்தபோது, அக்காவின் வேலை பறிபோகக் கூடாதென்று, தன் வருகை அட்டையை வீட்டில் வைத்துவிட்டு அக்காவின் அட்டையைத் தேய்த்து, கம்பெனியில் அக்காவின் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். அந்த நாளெல்லாம் அக்கா பேரில் ஏறிக் கிடக்கிறது. அப்போது ஊசி இறங்கிய கட்டைவிரல் நகம் இன்னும் கோணலாகவே வளர்கிறது. உண்மையைச் சொன்னால் அக்காவின் வேலைக்கு உலை வைத்ததாகிவிடும். அக்கா இந்நேரம் அதே இயந்திரத்தில் இருப்பாள். துணைக்குக் கூப்பிட்டதற்கு, "லீவு போட்டா சம்பளத்துல புடிப்பாங்கடி, நீயே போய்ட்டு வந்துடு" என்றுவிட்டாள். குமாஸ்தாவின் குரல் கொஞ்சம் இறங்குகிறது. "வேலை செஞ்சிருந்தா சொல்லும்மா, கம்பெனிக்கு எழுதிக் கேக்கலாம். எங்கதான் இருந்தே?" கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள். "வீட்லதான் சார். சும்மா இருந்தேன்."