வண்டி அப்பா

"பதினாலுதான் காட்டுது. நேத்து சார்ஜ் போட்டியா, இல்லையா?"

"போட்டேன்பா."

"போட்டா எப்படி பதினாலு காட்டும்?"

"ப்ளக்கை மாட்டினேன். சுவிட்சைப் போடல."

மறுமுனையில் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது.

"நல்லா இருக்கு. ஒரு சொட்டு ரத்தத்துல என்னென்ன இருக்குன்னு சொல்ற பொண்ணுக்கு சுவிட்ச் கண்ணுல படலையாக்கும். மத்தியானத்துக்குள்ள போட்டுடு. சாயங்காலம் மேம்பாலம் ஏறணும். பாதியில நின்னுச்சுன்னா மிதிச்சு மிதிச்சுத்தான் போகணும்."

"சரிப்பா."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து குப்பிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த தோழி, மேசைமேல் வைத்த போனை எட்டிப் பார்த்தாள்.

"அது என்னடி 'வண்டி அப்பா'ன்னு பேர் போட்டு வெச்சிருக்க?"

"வண்டி மேல அவருக்கு அவ்வளவு பாசம்."

"எங்க வீட்டுல சாப்பிட்டியான்னு கேட்டு உயிரை வாங்குவாங்க. உனக்கு சார்ஜ் போட்டியா. உன்னை யாராவது சாப்பிட்டியான்னு கேக்கறாங்களா, இல்லையா?"

அவள் எழுந்தாள். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ப்ளக்கில் மாட்டினாள். சுவிட்சை இரண்டு தடவை பார்த்தாள்.

அது ஒரு எலக்ட்ரிக் சைக்கிள். மிதித்தும் ஓட்டலாம், மிதிக்காமலும் ஓட்டலாம். அவர் அதை லேசில் வாங்கிவிடவில்லை. மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோக முடியுமா, மழையில் நனைந்தால் என்ன ஆகும், பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நிற்குமா என்று கேட்டுக் கேட்டுக் கடைக்காரர்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறார். வண்டியோடு அவர் போனுக்கு ஒரு செயலியும் வந்து சேர்ந்தது. வண்டி இருக்கும் இடம் அதில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். பக்கத்திலேயே எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்றும் காட்டும்.

"காலையில மேம்பாலத்துல ஆறு நிமிஷம் அசையாம நின்னியே, என்னாச்சு?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், அந்த ஆறு நிமிடமும் அவர் வீட்டில் போனையே பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை வண்டியை சர்வீஸுக்கு விட்டாள். மெக்கானிக் அவள் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இவ்வளவு உயரமா இருந்துக்கிட்டு சீட்டைத் தரையில வெச்சிருக்கீங்களே. முட்டி ஹேண்டில்ல இடிக்கல?"

"இடிக்கும். பரவாயில்ல."

"ஏத்தி விடறேன். ஒரு திருகுதான்."

"வேண்டாங்க. அப்பா அளந்து வெச்சது."

"நல்லா அளந்தார். பொண்ணு உயரம் தெரியலையா அவருக்கு?"

அவள் குனிந்து, சேறு இல்லாத சக்கரத்தில் சேறு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இன்னொரு விஷயம்மா. செயலியை மாத்திட்டாங்க. இனிமே ஒரு வண்டிக்கு ஒரு போன்தான். அதுவும் ஓட்டறவங்க போனா இருக்கணும். இல்லன்னா பேட்டரிக்கு கேரண்டி கிடையாது. பழைய போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கேன், கேட்டுச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"மாத்திட்டா அவர் போன்ல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

அவள் வாசலுக்கு வந்து போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னம்மா, ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்குது?"

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அதுதானே நியாயம்," என்றார். "எழுதிக்கோ. நாலு. ஒண்ணு. ஒன்பது." நிறுத்தினார். இருமினார். "ரெண்டு."

"எழுதிட்டேன்பா."

"இத்தனை மாசமா தொந்தரவு பண்ணிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. மறக்காம சார்ஜ் போடுங்க."

போனை வைத்துவிட்டார்.

அவள் எண்ணை எழுதிய தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாள் 'போட்டியா'வாக இருந்தது ஒரு நிமிடத்தில் 'போடுங்க' ஆகிவிட்டது.

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். மறுபடியும் அவருக்கே போன் செய்தாள்.

"அப்பா, அந்த நம்பர் தப்புன்னு வருதாம். மாத்த முடியாதாம். உங்க போன்லயேதான் இருக்குமாம்."

"அப்படியா? நல்லா கேட்டியா?"

"கேட்டேன்பா. இப்ப எத்தனை காட்டுது?"

"இரு, இரு. கண்ணாடியை எடுத்துக்கறேன்." குரல் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. "நாப்பத்தி மூணு. போனதும் போட்டுடும்மா."

"போடறேன்பா."

உள்ளே மெக்கானிக் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் இன்னும் நம்பரே போடலையேம்மா. கேரண்டி போயிடும்."

"போனா போகட்டுங்க."

"என்னமோ போங்க. இந்தப் பேரையாவது சரிபண்ணட்டுமா? நீங்க ரசீதுல எழுதின பேர் வேற, இங்க இருக்கற பேர் வேற. உங்கப்பா அவசரத்துல தப்பா கொடுத்திருக்கார்."

"தப்பா கொடுக்கலைங்க," என்றாள் அவள். "அது அவர் பொண்ணு பேரு. அந்த சீட்டும் அவங்க உயரத்துக்கு வெச்சதுதான். பதினோரு நாள் ஓட்டினாங்களாம். அவங்க இறந்தப்புறம், விளம்பரம் பாத்து இந்த வண்டியை அவர்கிட்ட வாங்கினவ நான்."