பதினெட்டாவது கடிதம்

"எந்தக் கால்ல கட்டுப் போடணும்? வெரசாச் சொல்லுங்க" என்றாள் சர்புன்னிசா. கையில் கிழித்த வேட்டித் துணி.

அவள் புருஷன் அப்துல் கையூமுக்கு அதுதான் ஞாபகம் வரவில்லை. இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன.

தோல் மண்டியில் குமாஸ்தா வேலை பார்க்கும் கையூமுக்கு ஒரே ஒரு பைத்தியம். பேர்பெற்ற நாடகாசிரியர்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதங்களைச் சேர்ப்பது. பாராட்டி எழுதினால் காரியதரிசி இரண்டு வரி டைப் அடித்து அனுப்பிவிடுவார். கஷ்டம் என்று எழுதினால்தான் அவர்களே பேனாவை எடுப்பார்கள். அதனால் கையூம் ஒருவரிடம் தனக்குக் காசநோய் என்றார். இன்னொருவரிடம் வீடு எரிந்துவிட்டது என்றார். இப்படிப் பதினேழு கடிதங்கள் தகரப் பெட்டியில் சேர்ந்திருந்தன. அவர் குடியிருந்த நாகல் நகரில் அந்தப் பெட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு.

காலையில் டைப் அடித்த ஒரு கார்டு வந்தது. 'நாடகத்துக்காகத் திண்டுக்கல் வந்திருக்கிறேன். இன்று நாலு மணிக்கு உங்களைப் பார்க்க வருகிறேன். வடமலையப்பன்.'

கையூம் பெட்டியைக் கவிழ்த்து, வடமலையப்பன் முன்பு எழுதிய கடிதத்தை எடுத்தார். 'பஸ் சக்கரம் ஏறிய காலை நினைத்து மனம் தளராதீர்கள்' என்றிருந்தது. எந்தக் கால் என்று இல்லை. வந்த கடிதங்களைப் பொன்னாகப் பாதுகாத்தவர், தான் எழுதியதற்கு நகல் வைத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு கால்லயும் கட்டிருவோமா?"

"ஒரு காலுன்னுதான் எழுதுனேன்."

"உள்ளதச் சொல்லி மன்னிப்புக் கேட்டுருங்களேன்."

"கேட்டா? பெட்டியில இருக்க அம்புட்டும் பொய் சொல்லி வாங்குனதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். தெருவுல தலைகாட்ட முடியுமா? வலது கால்ல கட்டு."

கட்டி முடிக்கவும் வாசலில் குதிரை வண்டி நிற்கவும் சரியாக இருந்தது. கையூம் கட்டிலில் சாய்ந்தார்.

வடமலையப்பன் தனியாக வந்தார். காலில் இருந்த கட்டைச் சற்று நேரம் பார்த்தார்.

"வலிக்குதா?"

"மழை நாள்லதாங்க கொஞ்சம்."

அதற்கு மேல் அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. சர்புன்னிசா கொடுத்த டீயைக் குடித்தார். மேடையில் நடந்த கூத்துகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். போகும்போது கையூமின் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க" என்றார்.

வண்டி தெருமுனை தாண்டியதும் கையூம் கட்டிலை விட்டுத் துள்ளி இறங்கினார்.

"பாத்தியா புள்ள? நாடகம் எழுதுறவருக்கே நாடகம் போட்டுக் காட்டிட்டேன்."

சர்புன்னிசா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலாம் நாள் தபாலில் பதினெட்டாவது கடிதம் வந்தது. முழுக்க அவர் கைப்பட எழுதியது. கையூம் ஆசையாகப் பிரித்தார்.

'அன்பு நண்பருக்கு, உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். அதில் இடது கால் என்று இருக்கிறது. இரண்டு காலும் நன்றாயிருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். பொய்யாக இருக்கும் என்று தோன்றியும் ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெண் இதேபோலத் தன் கஷ்டத்தை எழுதியிருந்தாள். கையெழுத்து வாங்குவதற்காகச் சொல்லும் பொய் என்று நினைத்து, நான் போகவில்லை. அவள் எழுதியிருந்தது அத்தனையும் நிஜம்.'