இரண்டாவது பலூன்

முதல் பலூன் மெழுகுவர்த்தியின் மேல் பட்டென்று வெடித்தபோது வெல்டர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

நாள் முழுக்கத் தீப்பொறியோடு குடித்தனம் நடத்துகிறவர். ஒரு பலூனுக்கா அசருவார்?

வாயாடியும் அசரவில்லை. கிழிந்த ரப்பரைத் தூக்கிக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லாத மனிதன் சோதனை வந்தால் இப்படித்தான் ஆவான் என்று, நான் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள்.

பட்டறையின் உள்கதவுக்குப் பின்னால் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

வாயாடி என் ஞாயிறு பள்ளி வகுப்பில் சின்னவள். பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிடுவதில்லை. வாய்க்கு ஏற்ற பட்டப்பெயர் அமைந்துவிட்டது.

இந்த மாதம் எங்களுக்குப் பொருட்பாடம். ஏதாவது ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதைக் காட்டி நம் விசுவாசத்தை ஒருவருக்குச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்பது பிள்ளைகளின் இஷ்டம்.

எல்லோரும் அத்தை, சித்தப்பா, மாடிவீட்டு ஆன்ட்டி என்று சுலபமான ஆட்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். ஒருவன் மட்டும் துணிந்து சலூனுக்குப் போய் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டான். முட்டையைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினான்.

வாயாடி, வெல்டிங் மாமா என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

சபையில் அவர் கதை தெரியாதவர்கள் இல்லை. ஒரே மகனை அடக்கம் செய்துவிட்டு மறுநாளே பட்டறையைத் திறந்தவர். அதன்பிறகு ஆலயத்தின் படியை மிதிக்கவில்லை. பாஸ்டர் வந்து பார்த்தார். சபைப் பெரியவர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் நாற்காலி போட்டார், ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். கடவுள் பேச்சை எடுத்தால் மட்டும், நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் வெல்டிங் முகமூடியைச் சட்டென்று இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்.

அந்த வெளிச்சத்துக்கு முன்னால் யார் நின்று பேச முடியும்? கண்ணைக் கசக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்த ஒரு தடவையாவது அவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கினேன் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் நெருப்பைத் தொடக் கூடாது. கேட்கிறவர்தான் மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தர வேண்டும். மறுபேச்சில்லாமல் கொளுத்தித் தந்திருந்தார். முகமூடி இன்னும் நெற்றியில்தான் இருந்தது. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

வாயாடி பையிலிருந்து இரண்டாவது பலூனை எடுத்தாள்.

இது தண்ணீர் நிரப்பியது. தண்ணீர் நிற்கும் அடிப்பக்கத்தில் தீ பட்டால் பலூன் வெடிக்காது. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். சோதனைத் தீயில் நம்மை வெடிக்கவிடாமல் காக்கிறவர் உள்ளே இருக்கிறார் என்பது பாடம். வகுப்பில் நான் செய்து காட்டியபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஆனால் அந்தப் பலூன் நான் சொல்லிக்கொடுத்த மாதிரி இல்லை. கனக்கிறது என்று தண்ணீரைக் குறைத்து, மீதிக்குக் காற்றை ஊதிக் கட்டியிருந்தாள். போதாததற்குச் சாய்த்து வேறு பிடித்தாள். தீ தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றுப் பக்கமாக ஏறியது.

கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

டமார்.

இரும்பு மேசை, அவர் மடி, வாயாடியின் முகம், எல்லாம் ஒரே தண்ணீர்.

அவர் கை மெதுவாக முகமூடிக்குப் போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

வாயாடி அழவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியை உற்றுப் பார்த்தாள். நனைந்த திரி புகைந்துகொண்டிருந்தது.

"டீச்சர் சொன்னது தப்பு மாமா. இயேசப்பா உள்ள இருந்தாலும் வெடிக்கும். ஆனா இங்க பாருங்க, தீதான் தோத்துப்போச்சு."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது.

வெடித்துப்போன மனிதரிடம் போய், நம்பினால் வெடிக்காது, வெடிக்காது என்று நாங்கள் அத்தனை பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வாயாடி ஒருத்திதான், ஆமாம், வெடிக்கும் என்றாள்.

அவர் முகமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அணைந்த திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினேன்.

சிரித்தார். நனைந்த மடியைத் தட்டிக்கொண்டு, வாய்விட்டு, பட்டறை அதிரச் சிரித்தார். வாயாடியும் சேர்ந்துகொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்து அவள் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே!

கதவுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு அல்லேலூயா என்று குதிக்காத குறை.

சிரிப்பு அடங்கியதும் அவர் திரும்பிப் பார்க்காமலே உள்பக்கமாகக் குரல் கொடுத்தார்.

"இந்தாம்மா, கதவுக்குப் பின்னாடி நின்னது போதும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்க என் வெள்ளைச் சட்டை எங்க இருக்கு?"

எங்கள் அலமாரியில்தான் இருந்தது. எங்கள் மகனை அடக்கம் செய்த அன்று அவர் கழற்றிப் போட்ட சட்டை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை எடுத்துத் தேய்த்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.