பனிக்காலத்துப் பாம்பு

ராய்ஸ் கைத்துப்பாக்கியை வெர்னாவின் துப்பாக்கிக் கடை மேசைமேல் டமாலென்று போட்டான்.

"குப்பையை என் தலையில கட்டிட்டியே! முதல் குண்டு குறி தவறிடுச்சு, ரெண்டாவது சிக்கிக்கிச்சு!"

வெர்னாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வயோமிங் மாநிலம் முழுக்க அவள் கடைக்கு நல்ல பெயர்.

"கனமான தோட்டாவைப் போட்டா சிக்காதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனேடா! எதைப் போட்டே?"

"நதீன்தான் தோட்டாப் பெட்டி வாங்கியாந்தா. எனக்கென்ன தெரியும்?"

துப்பாக்கியிலிருந்து தோட்டா அடைத்த மேகசினை உருவினாள். அத்தனையும் லேசான தோட்டா.

"எதைச் சுட்டே?"

"வாசல்ல பாம்பு."

வெளியே முழங்காலளவு பனி கிடந்தது. ஜனவரியில் எந்தப் பாம்பு வெளியே வரும்?

போன வாரம் அவன் மனைவி நதீன் வந்து, "இந்தத் துப்பாக்கியில எந்தத் தோட்டா கண்டிப்பா சிக்கும்?" என்று கேட்டிருந்தாள். தப்பித் தவறி வாங்கிவிடக் கூடாது என்று கேட்கிறாளாக்கும் என நினைத்து வெர்னா அந்த லேசான தோட்டாவின் பெயரைச் சொன்னாள். நதீனின் கண்ணுக்குக் கீழே கன்றியிருந்ததைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெர்னா துப்பாக்கியை இழுப்பறைக்குள் எறிந்து பூட்டினாள்.

"ஏய், எப்ப தருவே?"

"நதீன் உயிரோட வந்து கேக்கட்டும்," என்றபடி ஷெரீஃபுக்குப் போன் போட்டாள்.