டாக்டர் கனிவாகப் பேசிய நாள்

டாக்டர்கள் எல்லோரும் சட்டையில் கனிவுமானி மாட்ட வேண்டும் என்று விதி வந்த ஆண்டு அது. நோயாளியைக் கடிந்து பேசினால் கருவி வீறிடும். மாதத்தில் மூன்று முறை வீறிட்டால் வேலை போய்விடும். தூத்துக்குடியில் இருபது வருடமாகத் திட்டியே வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் ஞானதிரவியத்துக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை ஆகியிருந்தது.

அன்று அவருடைய பழைய நோயாளி, லாரி டிரைவர் பரமார்த்தலிங்கம், மனைவி செல்லக்கனியோடு வந்தார். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது.

“ஐயா, தாங்கள் கருவாட்டைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் மகிழ்வேன்” என்றார் டாக்டர்.

பரமார்த்தலிங்கத்தின் முகம் வெளிறியது. “மறைக்காதீய டாக்டர். எனக்கு இன்னும் எத்தனை நாளு?”

“பயப்பட ஒன்றுமில்லை ஐயா.”

“கேட்டியா, என்னைப் போயி ‘ஐயா’ங்காரு! மெட்ராஸ்ல இருக்க மவனுக்குப் போனைப் போடுட்டி!”

செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் மறுபடியும் அழுத்தம் பார்த்தார். இருநூறைத் தொட்டிருந்தது. ஒரு கணம் தன் வேலையை நினைத்துக்கொண்டார். பிறகு மேசையில் ஓங்கி அடித்தார்.

“வே, கூறுகெட்ட மனுசா! கருவாட்டைத் தின்னுட்டு இங்க வந்து ஒப்பாரியா வைக்கீரு? உமக்கு ஒரு எழவும் இல்ல. எந்திரிச்சுப் போவும்!”

கனிவுமானி வீறிட்டது. பரமார்த்தலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அழுத்தம் மளமளவென்று இறங்கியது. டாக்டரின் பணிநீக்க உத்தரவு கணினித் திரையில் வந்து நின்றது.

செல்லக்கனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எனக்கும் ஒரு மாசமா மூட்டுவலி டாக்டர். போறதுக்கு முன்னால ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போங்க.”