உள்ளங்கை அரிப்பு

தட்டில் கைவைத்த கிரேன் ஓட்டுநர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். வலது உள்ளங்கை அரித்தது.

"பணம் வரப்போகுதுங்க," என்று மனைவி மலர்ந்தாள். "அது சரி, யாருக்கு எழுந்து நிக்கிறீங்க?"

"தெரியலயே!"

வந்தது பணம் அல்ல, வழக்கமான படபடப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெருவில் ஏதோ வண்டி போனது, பக்கத்து வீட்டில் யாரோ கனைத்தார்கள், குழாய் சொட்டியது. பயப்பட இதில் என்ன இருக்கிறது?

முப்பது மாடி உயரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து இரும்புத் தூண்களைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி வைக்கிற மனிதர் அவர். காற்றில் கிரேன் ஆடினால் கொட்டாவி விடுவார். அப்படிப்பட்டவருக்கு, இந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து சொந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்காரப் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

தூக்கம் போனது. தூக்கம் போனதும் கை நடுங்கத் தொடங்கியது. பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க கை ஆடினா கொக்கி ஆடும். கொக்கி ஆடினா கீழே இருக்கிறவன் தலை போயிடும். திங்கட்கிழமை வரைக்கும் பாக்குறேன். சரியாகலேன்னா கீழே வந்து கேட்டைத் திறந்து மூடுங்க."

கிரேன்தான் அவருக்கு எல்லாம். அன்று அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து அழுதார்.

மனநல ஆலோசகரிடம் ஓடினார். அந்த அம்மா நிதானமாகக் கேள்வி கேட்டார்.

"கடன் இருக்கா?"

"இல்லைங்க."

"வீட்டுல சண்டை?"

"சண்டைக்கு ஏது நேரம்? நேரா தீர்ப்புதான்."

"காரணமே தெரியாமலும் பதற்றம் வரும், சார். அது உங்க தப்பில்ல. சின்ன வயசுல மனசு லேசாகணும்னா என்ன செய்வீங்க?"

"குயில் மாதிரி விசிலடிப்பேங்க. இன்னமும் அந்தப் பழக்கம் விடல."

"ரொம்ப நல்லது. இனிமே நல்லா சத்தமா அடிங்க."

அடித்தார். பால்கனியில் காலையும் மாலையும் குயில் கூவியது. படபடப்போ குறைவதாக இல்லை, நாளுக்கு நாள் கூடியது. நேற்று கண்ணாடி முன் சவரம் செய்யும்போதுகூட விறைப்பாக நின்று தொலைத்தார்.

"கோளாறு உங்ககிட்ட இல்லீங்க, இந்த வீட்டுலதான்," என்றாள் மனைவி. "வெளியவே தலைகாட்டாத பக்கத்து வீட்டுப் பெரியவரும் நாம வந்ததிலேர்ந்து சரியா தூங்குறதில்லயாம். அவரு சம்சாரம் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாங்க. பேசாம காலி பண்ணிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விடிந்தால் திங்கள். பால்கனியில் நின்று நடுங்கும் கையைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்து, குயிலாகக் கூவினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் "க்கும்" என்றது. உள்ளங்கை அரித்தது. இன்னும் உரக்கக் கூவினார்.

"க்கும்! க்க்கும்!"

உயிரைக் கொடுத்துக் கூவினார். சுவருக்கு அப்பால் நாற்காலி உருளும் சத்தம். சற்று நேரத்தில் அழைப்புமணி அலறியது.

மனைவி கதவைத் திறந்தாள். பனியனும் தடித்த கண்ணாடியுமாக, வியர்த்து விறுவிறுத்து நின்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"அம்மா, இங்க குயில் ஏதாவது..." என்று தொடங்கியவர், பின்னால் நின்ற உருவத்தைப் பார்த்துக் கனைத்தார்.

கிரேன் ஓட்டுநரின் வலது கை, அவரைக் கேட்காமலே உள்ளங்கையை விரித்துக்கொண்டு முன்னால் நீண்டது.

"ஐயோ, என்னங்க இது, பிச்சை கேக்குற மாதிரி!"

"க... கணக்கு சார்!"

எல்லாம் விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, பிரம்பு. வராந்தாவில் அந்தக் கனைப்பு கேட்டாலே மொத்த வகுப்பும் எழுந்து நிற்கும். இத்தனை நாள் தன் தூக்கத்தைத் தின்றது பக்கத்து வீட்டுத் தொண்டை என்று தெரிந்ததும், அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நீட்டிய கை நடுங்கவில்லை.

பெரியவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மனைவி கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"நீதானாடா அந்தக் குயிலு? கரும்பலகைப் பக்கம் திரும்பினா போதும், கூவுவியே! எவன்னு கண்டுபிடிக்க முடியாம உங்க வகுப்புக்கு வர்றதுன்னாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும். இப்ப மறுபடியும் கேக்கவும், என் மண்டைக்குள்ளதான் கூவுதுன்னு பயந்துட்டேன். காரணமில்லாத பதற்றம்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருடா!"

"மன்னிச்சிடுங்க சார். ஆனா நீங்க மட்டும் லேசுப்பட்டவரா? அன்னிக்கு வகுப்புலயும் சரி, இன்னிக்கு சுவருக்கு அந்தப் பக்கமும் சரி, எதுக்கு சார் அப்படிக் கனைச்சு கனைச்சு மிரட்டுனீங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மிரட்டினேனா? நான் பயந்தாதான்டா கனைப்பேன்!"